யாரை எடுத்து யாரை அடிக்கிறார்கள்?

2014 மார்ச் 27ஆம் தேதி, அமெரிக்காவின் ஒரு நையாண்டித் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பெயரில் நடந்துவந்த ட்விட்டர் கணக்கில் ஒரு வரி வெளியானது. ஆசிய மக்கள் மீது எனக்கு அக்கறை உண்டு, அதைக் காட்ட ஓர் அறக்கட்டளை தொடங்குகிறேன் என்பது அந்த வரியின் சாரம். அறக்கட்டளையின் பெயரில் ஒரு வசவு இருந்தது. சீன மொழியின் ஓசையைக் கேலி செய்கிற வசவு. அமெரிக்கப் பள்ளிக்கூட மைதானத்தில் ஆசியப் பிள்ளையைச் சுற்றி நின்றுகொண்டு மற்ற பிள்ளைகள் பாடுவார்களே, அது. அதை இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

கொரிய வம்சாவளியில் வந்த சூயி பார்க் என்ற இளம்பெண், 'கோல்பேரை நிறுத்து' என்று பதிலுக்கு ஒரு முழக்கத்தை எழுதினார். ஒரு ராத்திரிக்குள் அது நாடு முழுக்கப் பற்றிக்கொண்டது.

முன்கதை கொஞ்சம் தேவை. செய்தியைக் கேலி செய்வதற்கென்றே ஒரு தொலைக்காட்சி வகை மேற்கே வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் 1975இல் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சிக்குள் ஒரு போலிச் செய்தி அறிக்கையாக அது வந்தது. 1994இல் பிரிட்டனில் 'தி டே டுடே', அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் 'ஃப்ரண்ட்லைன்', 1996இல் அமெரிக்காவில் காமெடி சென்ட்ரல் அலைவரிசையில் 'தி டெய்லி ஷோ'. இவற்றில் அரசியல்வாதியைக் கிண்டல் செய்வது இரண்டாம்பட்சம். முதல் கிண்டல் செய்தி சொல்கிற ஆளுக்குத்தான். அந்த மேசை, அந்தக் கழுத்துப்பட்டை, அந்தத் தொண்டைக் கனைப்பு, பின்னால் ஓடுகிற பேரிகை இசை. 'தி டே டுடே'யில் ஒரு காட்சி. செய்தி வாசிப்பவர் இரண்டு தரப்புப் பிரதிநிதிகளையும் பேச வைத்து, கிண்டிக் கிண்டியே ஆஸ்திரேலியாவுக்கும் ஹாங்காங்குக்கும் போர் மூட்டிவிடுவார். போர் வந்ததும் அவர் முகத்தில் ஒரு பூரிப்பு வரும் பாருங்கள், கல்யாண வீட்டுக்காரர் தோற்றார்.

செய்தியை வேதவாக்காக நம்பி வளர்ந்தவர்களுக்கு இந்த வகை ஓர் அதிர்ச்சியாக இருந்திருக்கலாம். நமக்கு அப்படியில்லை. சேரியில் வீடு எரிந்தால் மறுநாள் தாளில் 'இரு பிரிவினரிடையே மோதல்' என்று வரும். எரித்தவன் யார், எரிந்தது யாருடைய கூரை என்பதெல்லாம் அந்த 'இரு' என்கிற ஒற்றைச் சொல்லுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். நடுநிலைக் குரல் எவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லும் என்று நமக்கு யாரும் நடித்துக் காட்ட வேண்டியதில்லை. அந்தக் குரலை ஒருவன் பிடித்திழுத்து வந்து நடுவீதியில் வேட்டியை உருவும்போது நமக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல சந்தோஷம்.

'தி கோல்பேர் ரிப்போர்ட்' இந்த வகையின் உச்சம். 2005 அக்டோபரில் தொடங்கி 2014 டிசம்பர் வரை நடந்தது. ஸ்டீபன் கோல்பேர் தன் சொந்தப் பெயரிலேயே ஒரு வேடம் கட்டினார். ஃபாக்ஸ் நியூஸில் பில் ஓ'ரெய்லி என்றொருவர் இரவுதோறும் விரலை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். அவரைப் போல ஒரு வலதுசாரி வாய்ச்சவடால் பேர்வழி. எதிராளியைத் திட்டாமல், எதிராளியாகவே மாறி அவன் வாதத்தை அதன் கடைசி முட்டுச்சந்து வரை ஓட்டிக் காட்டுவது கோல்பேரின் உத்தி. நான் நிறமே பார்ப்பதில்லை, நான் வெள்ளையன் என்பதே மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும் என்று அந்த வேடம் அடிக்கடி சொல்லும். 'நாங்கல்லாம் சாதி பாக்கறதில்லீங்க' என்ற வாக்கியத்தை வாழ்நாளில் ஒரு தடவையாவது கேட்காத தலித் உண்டா? சொல்கிறவர் எங்கே உட்கார்ந்துகொண்டு சொல்கிறார் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். அந்த வகையில் கோல்பேர் நமக்கு ரொம்பத் தெரிந்த ஆளைத்தான் நடித்துக்கொண்டிருந்தார்.

அந்த வரிக்கு என்ன காரணம்? வாஷிங்டன் நகரத்து அமெரிக்கக் கால்பந்து அணிக்கு 'ரெட்ஸ்கின்ஸ்' என்று பெயர் இருந்தது. செந்தோலர்கள். பூர்வகுடி மக்களை வெள்ளையர்கள் இழிவாகக் குறித்த சொல். 1933இல் அணிக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர் ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷல் என்ற முதலாளி. லீக்கில் மற்ற அணிகளெல்லாம் கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொண்ட பிறகும் சேர்க்காமல் இருந்து, அரசாங்கம் நெருக்கியதால் 1962இல் கடைசி ஆளாகச் சேர்த்தவரும் அதே மார்ஷல்தான். வசவைப் பெயராக வைக்கிற கையும் வாசலைச் சாத்துகிற கையும் ஒன்றாக இருப்பதில் நமக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. பூர்வகுடிகள் 1992இலேயே இந்தப் பெயரின் வணிகமுத்திரையை ரத்து செய்யச் சொல்லி முறையிட்டார்கள். 1999இல் அணியை வாங்கிய டான் ஸ்னைடர், பெயரை ஒருநாளும் மாற்ற மாட்டேன், வேண்டுமானால் அதைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள் என்று 2013இல் ஒரு செய்தித்தாளிடம் சொன்னார்.

எதிர்ப்பு கூடியது. 2014 மார்ச்சில் ஸ்னைடர் பூர்வகுடிகளின் நலனுக்கென்று ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அறக்கட்டளையின் பெயரிலேயே அந்த வசவையும் வைத்தார். மூவாயிரத்துக்கும் மேல் குளிர்க்கோட்டு கொடுத்தோம், ஓர் இனக்குழுவுக்கு மண் அள்ளும் இயந்திரம் வாங்க உதவினோம் என்று கணக்கும் சொன்னார். சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேட்டி சேலை கொடுக்கிற பண்ணையார் நம் ஊரில் மட்டுமில்லை.

கோல்பேர் பிடித்தது இந்த அபத்தத்தைத்தான். ஒரு மக்களை வசவாலேயே பெயரிட்டு அவர்களுக்கு அறம் செய்ய முடியும் என்றால், நானும் ஆசியர்களுக்கு அப்படியே செய்கிறேன் என்றது அந்த வேடம். நிகழ்ச்சியில் அது நான்கைந்து நிமிடக் கட்டமைப்பின் முடிவாக வந்தது. மறுநாள் ட்விட்டரில் ஸ்னைடர் இல்லை, அணி இல்லை, முன்பின் எதுவும் இல்லை. வசவு மட்டும் தனியாக வந்து நின்றது.

விவாதம் இரண்டு கட்சியானது. அவர் இனவெறியைத்தானே கிண்டல் பண்ணினார், நோக்கம் நல்லது, நையாண்டி புரியாத ஜனங்கள் கூச்சல் போடுகிறார்கள் என்பது ஒரு கட்சி. சொன்னதே குற்றம், கடையை மூடு என்பது மற்றது. பார்க்குக்குக் கொலை மிரட்டலும் பாலியல் மிரட்டலும் வந்தன. இணையவழிப் பேட்டி ஒன்றில், பேட்டி கண்ட ஆண் அவர் கருத்தை முட்டாள்தனம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். நிகழ்ச்சி உண்மையிலேயே நிறுத்தப்பட வேண்டும் என்பது தன் எண்ணமில்லை என்று பார்க் விளக்கியதும் யார் காதிலும் ஏறவில்லை. மார்ச் 31ஆம் தேதி கோல்பேர் பதில் சொன்னார். அந்தக் கணக்கை நடத்துவது நானில்லை, அலைவரிசை என்றார். அந்தப் பெண்ணைத் தாக்குவதை நிறுத்துங்கள் என்று தன் ரசிகர்களிடம் கேட்டுக்கொண்டார். அது கண்ணியம்தான், மறுக்கவில்லை. பத்து நாள் கழித்து, ஏப்ரல் 10ஆம் தேதி, சிபிஎஸ் நிறுவனம் டேவிட் லெட்டர்மனின் 'லேட் ஷோ' நாற்காலி அடுத்து கோல்பேருக்கு என்று அறிவித்தது. நாட்டையே கலக்கிய 'நிறுத்து' என்ற கூச்சலின் பலன் அவருக்குப் பதவி உயர்வு.

இந்த இரண்டு கட்சியும் பேசாமல் விட்டது ஒன்று இருக்கிறது. கோல்பேருக்கு ஆசியரை எடுக்க வேண்டிய தேவை ஏன் வந்தது? பூர்வகுடிகளைத் திட்டும் சொல் அமெரிக்கக் காதுக்கு அவ்வளவு பழகிப்போய்விட்டது. தொப்பியிலும் பனியனிலும் காப்பிக் கோப்பையிலும் எண்பது வருஷமாக அதைப் பார்த்தவனுக்கு அது வசவாகவே கேட்கவில்லை. கேட்கவைக்க இன்னொரு வசவு தேவைப்பட்டது. ஒரு காயத்தின் கனத்தைக் காட்ட இன்னொரு காயத்தைத் தராசின் மறுதட்டில் படிக்கல்லாக வைத்தார். எந்தக் காயத்தை வைப்பது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கறுப்பின மக்களை இழிக்கும் அந்தப் பெரிய சொல்லை அவர் வைத்திருப்பாரா? நிச்சயம் மாட்டார். ஆசியரைச் சொன்னால் உறுத்தவும் செய்யும், சிரிப்பும் வரும், பெரிய ஆபத்தும் வராது என்கிற ஒரு இடம் இருந்தது. அந்த இடத்தில் கை போனது. மனிதர் யோசித்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. யோசிக்காமலே கை அங்கே போகிறது என்பதுதான் விஷயம்.

முதுகலை படித்தபோது எனக்கு ஒரு விடுதி நண்பன் இருந்தான். நல்லவன், நக்கலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே நல்லவன். அவன் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் எங்கள் ஆட்களை எப்படிக் கூப்பிடுவார், எங்கள் ஆட்கள் எப்படித் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு 'சாமி' என்று குழைவார்கள் என்று குரல் மாற்றி நடித்துக் காட்டுவான். பெரிய மனிதரை அம்பலப்படுத்தத்தான் நடித்தான். அறையே உருண்டு புரண்டு சிரிக்கும். அந்தப் பெரிய மனிதரை எனக்கும் ஆகாது. ஆனால் அந்தச் சிரிப்பில் பாதி, குழைவுக்குக் கிடைத்த சிரிப்பு. துண்டை இடுக்கிய கை என் தாத்தாவின் கை. 'ஒன்னயச் சொல்லலடா, அந்த ஆளத்தான சொல்றேன்' என்பான். உண்மைதான், அந்த ஆளைத்தான் சொன்னான். எங்களை வைத்துச் சொன்னான்.

தமிழ் படித்த தோஷம், இந்த இடத்தில் தொல்காப்பியம் வந்து நிற்கிறது. அங்கதத்தை அது செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் பிரிக்கும். வெளிப்படையாக வைவது ஒன்று, மறைத்து வைவது ஒன்று. மெய்ப்பாட்டியலில் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கு நிலம் சொல்லும். அதில் எள்ளலுக்குப் பேராசிரியர் எழுதிய உரை நுட்பமானது. தான் பிறரை எள்ளிச் சிரிப்பதும் எள்ளல், பிறர் தன்னை எள்ளும்போது தான் சிரிப்பதும் எள்ளல் என்பார். வையப்பட்டவனும் சிரிக்கிறான் என்று அந்த மனிதர் கவனித்திருக்கிறார். வகுப்பில் இதைப் படித்தபோது எனக்கு விடுதி அறைதான் நினைவுக்கு வந்தது. நானும் சிரித்தேன் அல்லவா?

ஆனால் இந்த இலக்கணத்தில் இரண்டே ஆள். வைகிறவன், வையப்படுகிறவன். செம்பொருளானாலும் பழிகரப்பானாலும் அவ்வளவுதான். விடுதி அறையில் மூன்று ஆள் இருந்தோம். வைதவன் நண்பன், வையப்பட்டவர் ஊர்ப் பெரிய மனிதர், வைவதற்கு எடுத்துக்கொள்ளப்பட்டது நாங்கள். இந்த மூன்றாம் ஆள் கம்பு மாதிரி. அடிக்கிறவன் சரியான ஆளைத்தான் அடிக்கிறான் என்று எல்லாரும் கைதட்டும்போது, கம்பு எங்கிருந்து ஒடிக்கப்பட்டது என்று யாரும் பார்ப்பதில்லை. கம்பைக் கேட்டுவிட்டு எடுப்பதும் இல்லை. அந்தக் கம்பு வாயைத் திறந்து 'வலிக்குது' என்றால், 'நையாண்டி புரியாத ஜென்மம்' என்று பெயர். சூயி பார்க்குக்கு நடந்தது அதுதான்.

நோக்கம் நல்லது என்ற வாதத்துக்கு ஒரு பதில் ஆராய்ச்சியிலிருந்தே கிடைக்கிறது. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 332 பேரிடம் கோல்பேரின் நிகழ்ச்சியைக் காட்டி 2009இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாத் தரப்பினரும் அவரை வேடிக்கையானவர் என்றுதான் சொன்னார்கள். ஆனால் பழமைவாதிகளில் பலர், அவர் கேலி செய்வதுபோல் நடிக்கிறார், உள்ளுக்குள் சொல்வதையெல்லாம் நம்பித்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். யாரைக் கேலி செய்கிறாரோ அவர்களே உட்கார்ந்து தம்மவர் என்று ரசிக்கிறார்கள். நோக்கம் கோல்பேரின் தலைக்குள் பத்திரமாக இருக்கிறது. வசவு ஊர் சுற்றப் போய்விடுகிறது.

கம்பாகிறவனே கையில் கம்பை எடுத்தால் இந்தச் சிக்கல் தீருமா? 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தன் பெயரையே அமெரிக்கக் கறுப்பர் இயக்கத்திடமிருந்து எடுத்துக்கொண்ட நாளிலிருந்து, அந்த மக்களுக்கு என்ன நடக்கிறது என்று நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். டேவ் ஷப்பேல் கறுப்பின நகைச்சுவைக் கலைஞர். அவருடைய நிகழ்ச்சி 2003 ஜனவரியில் காமெடி சென்ட்ரலில் தொடங்கியது. முதல் வாரமே, அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியின் மரியாதைக்குரிய செய்தி ஆவணத் தொடர் ஒன்றை அப்படியே பகடி செய்தார். பிறவியிலேயே பார்வையற்ற ஒரு கறுப்பர், வெள்ளைக் குழந்தைகளுக்கான பார்வையற்றோர் பள்ளியில் வளர்கிறார். தான் வெள்ளையன் என்றே நம்பி, வெள்ளை இனவெறிப் புத்தகங்கள் எழுதிப் புகழ் பெறுகிறார். முக்காடு விலகுகிறது, உண்மை தெரிகிறது. உடனே மனைவியை விவாகரத்து செய்கிறார். காரணம், அவள் ஒரு கறுப்பனைக் கட்டியிருக்கிறாள்! செய்தியாளரோ முகம் மாறாமல், கனமான குரலில் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருப்பார். இனவெறிக்குக் கண் தேவையில்லை, சொல்லிக்கொடுத்தால் போதும் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன காட்சியை நான் பார்த்ததில்லை.

அதே ஷப்பேல் 2004 நவம்பரில் இன்னொரு காட்சி எடுத்துக்கொண்டிருந்தார். முகத்தில் கரி பூசிய குட்டிப் பிசாசு ஒன்று கறுப்பர்களின் தோளருகே வந்து, 'அவர்கள் நினைக்கிற மாதிரியே நடந்துகொள்' என்று உசுப்பேற்றும். படப்பிடிப்பில் ஒரு வெள்ளையர் சிரித்தார். அந்தச் சிரிப்பு மற்ற சிரிப்பைவிட நீளமாக இருந்தது, சத்தமாக இருந்தது. அது தனக்கு உறைத்தது என்று ஷப்பேல் 2006இல் ஓப்ரா வின்ஃப்ரியிடம் சொன்னார். 2005இல் ஐந்து கோடி டாலர் ஒப்பந்தத்தை அப்படியே போட்டுவிட்டுத் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டார். பைத்தியம் பிடித்துவிட்டது, போதை என்றெல்லாம் எழுதினார்கள். வசவைச் சொல்ல உரிமையுள்ளவன் சொன்னாலும், சிரிக்கிறவன் எதைச் சிரிக்கிறான் என்பதை அவனால் பூட்டி வைக்க முடியவில்லை. விடுதி அறையில் நான் கேட்ட அந்தப் பாதிச் சிரிப்பை அவர் ஐந்து கோடி டாலர் விலையில் கேட்டிருக்கிறார். பிற்காலத்தில் திருநர்களைப் பற்றி அதே ஷப்பேல் பேசிய பேச்சுக்கு எழுந்த எதிர்ப்பு வேறு கதை. அப்போது கம்பு யார் கையில் இருந்தது என்று பார்க்க வேண்டியிருக்கும்.

இனி 2014 செப்டம்பருக்கு வருகிறேன். அதே ஆண்டு, அதே காமெடி சென்ட்ரல், அதே அணியின் பெயர். 'தி டெய்லி ஷோ'வில் ஜேசன் ஜோன்ஸ் செய்தியாளர் வேடத்தில் அணியின் ரசிகர்கள் நான்கு பேரை உட்காரவைத்துப் பேட்டி எடுத்தார். அணியின் பனியன் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். இந்தப் பெயர் ஒரு மரியாதை, பெருமை, பாரம்பரியம் என்று அவர்கள் சொன்னார்கள். அப்போது கதவு திறந்தது. பூர்வகுடிச் செயற்பாட்டாளர்கள் வரிசையாக உள்ளே வந்து எதிரே உட்கார்ந்தார்கள். வணிகமுத்திரை வழக்கை நடத்திய நவஹோ பெண் அமாண்டா பிளாக்ஹார்ஸ் அவர்களில் ஒருவர். '1491ஸ்' என்ற பூர்வகுடி நகைச்சுவைக் குழுவினரும் இருந்தார்கள். கொலம்பஸ் வந்து இறங்கியதற்கு முந்தைய வருஷத்தைப் பெயராக வைத்துக்கொண்டவர்கள்! பெயரிலேயே ஒரு நையாண்டி. அதற்கு யாரையும் கம்பாக எடுக்கத் தேவைப்படவில்லை.

ரசிகர்கள் தடுமாறினார்கள். ஒரு பெண் அழுதுகொண்டு வெளியேறினார், தனக்கு அச்சுறுத்தல் என்று போலீஸுக்கும் சொன்னார். எங்களை ஏமாற்றிக் கூட்டிவந்தார்கள் என்று அவர்கள் முறையிட்டார்கள். நிகழ்ச்சி ஒளிபரப்பாவதற்கு முன்பே தலைநகரத்து நாளிதழில் செய்தி வந்தது. அதன் மையம் ரசிகர்களின் மனக்குறை. யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அவர்களோடு ஒரே அறையில் சில நிமிஷம் உட்கார நேர்ந்தது ஒரு கொடுமையாகச் செய்தியில் பதிவானது. எண்பது வருஷம் வசவைக் கேட்டவர்கள் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள், அது செய்தியின் இரண்டாம் பாதி. ஜான் ஸ்டூவர்ட் ஒளிபரப்பின்போது, பங்கேற்ற சிலருக்கு இது பிடிக்கவில்லை என்பதைச் சொல்லி, வேண்டுமென்றே ஒருவர் பேச்சைத் திரித்தது தெரிந்தால் அதை ஒளிபரப்ப மாட்டோம் என்றார்.

ரசிகர்களிடம் முழுதாகச் சொல்லாமல் கூட்டிவந்தது நியாயமா என்ற கேள்வியை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. சாதாரண ஜனங்களைப் பிடித்துக் கேமரா முன்னால் முட்டாளாக்குவது இந்த நிகழ்ச்சிகளின் பழைய வழக்கம். எனக்கு அது பல சமயம் பிடிப்பதில்லை. முதலாளி ஸ்னைடர் அந்த நாற்காலியில் இல்லை, இருபது டாலர் தொப்பி போட்ட ரசிகன்தான் இருந்தான். ஆனாலும் அந்த அறையில் நடந்தது மார்ச் மாதம் நடந்ததிலிருந்து அடிப்படையில் வேறானது. மார்ச் மாதத்தில் பூர்வகுடிகளின் விவகாரத்தை ஒரு வெள்ளையர், ஆசியரை எடுத்து, இன்னொரு வெள்ளையரை அடித்துப் பேசினார். அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே பூர்வகுடிகள் 'நாங்கள் உங்கள் அணிச்சின்னமில்லை' என்று ட்விட்டரில் முழக்கம் எழுப்பியிருந்தார்கள். மார்ச் கூச்சலில் அது யாருக்கும் ஞாபகத்தில் இல்லை. பெயருக்குச் சொந்தக்காரர்கள் அந்தச் சண்டையின் எந்தப் பக்கத்திலும் இல்லை. செப்டம்பரில் அவர்கள் கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள். யாரும் வசவை நடித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. வந்து உட்கார்ந்ததே போதுமான நையாண்டியாக இருந்தது.

அதற்கும் ஒரு விலை இருந்தது. 1491ஸ் குழுவினரை அலைவரிசைக்காரர்கள் மைதானத்துக்கும் கூட்டிப்போனார்கள், ஆட்டத்துக்கு முன்னால் ரசிகர்கள் வண்டிகளை நிறுத்திவிட்டுக் குடித்துக் கொண்டாடுகிற இடத்துக்கு. அங்கே கிடைத்த வசவையும் மிரட்டலையும் குழுவில் ஒருவரான மிகிஸி பென்சனோ பின்னர் எழுதினார். கேமரா பக்கத்தில் இருந்தும் பயந்திருக்கிறார்கள். படம் பிடிக்கிறவன் சாமானைக் கட்டிக்கொண்டு நியூயார்க்குக்குத் திரும்பிவிடுவான். அந்த முகத்தோடு அந்த நாட்டில் நடமாட வேண்டியவர்கள் இவர்கள்தான். மூன்றாம் ஆள் மேசைக்கு வந்துவிட்டான் என்று நாம் கைதட்டும்போது, மேசை யாருடையது என்று கேட்டுக்கொள்வதும் நல்லது. அதே குழுவைச் சேர்ந்த ஸ்டெர்லின் ஹார்ஜோ பின்னால் 2021இல் 'ரிசர்வேஷன் டாக்ஸ்' என்ற தொடரைக் கொண்டுவந்தார். எழுதியவர்கள், இயக்கியவர்கள் எல்லாரும் பூர்வகுடிகள். அதற்கு இன்னும் ஏழு வருஷம் ஆக வேண்டியிருந்தது.

அணியின் பெயர் என்ன ஆனது? 2014 ஜூனில் வணிகமுத்திரை ஆணையம் பிளாக்ஹார்ஸ் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து முத்திரைகளை ரத்து செய்தது. 2017 ஜூனில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், இழிவான பெயருக்கு முத்திரை மறுக்கும் சட்டப்பிரிவையே செல்லாது என்றது. அந்த வழக்கைப் போட்டது 'தி ஸ்லாண்ட்ஸ்' என்ற ஆசிய அமெரிக்க இசைக்குழு. தங்கள் கண்ணைக் கேலி செய்யும் வசவைத் தாங்களே பெயராக எடுத்துக்கொண்டு, அதை மானமுள்ள பெயராக மாற்றப் போராடி வென்றார்கள். அவர்கள் வென்றதால் பூர்வகுடிகள் தோற்றார்கள். மறுபடியும் ஒரு காயம் இன்னொரு காயத்தின் மேல் வந்து விழுந்தது. இந்தத் தடவை கேலிக்காரர் யாரும் தேவைப்படவில்லை, சட்டமே செய்துவிட்டது. கடைசியில் பெயரை மாற்றியது நையாண்டியும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. 2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ் முழங்காலுக்கடியில் செத்தார். நாடு தெருவில் இறங்கியது. மைதானத்துக்குப் பெயர் கொடுத்திருந்த ஃபெடெக்ஸ் போன்ற விளம்பரதாரர்கள் பயந்து நெருக்க, பெரிய எழுத்தில் 'ஒருநாளும்' என்ற ஸ்னைடர் ஜூலை 13ஆம் தேதி பெயரைக் கைவிட்டார்.

2025 ஜூலை 17ஆம் தேதி சிபிஎஸ் நிறுவனம் கோல்பேரின் 'லேட் ஷோ' 2026 மே மாதத்தோடு முடியும் என்று அறிவித்தது. அதன் தாய் நிறுவனமான பாரமவுண்ட், தன் மீது டொனால்ட் டிரம்ப் போட்ட வழக்கை 1 கோடியே 60 லட்சம் டாலர் கொடுத்து முடித்திருந்தது. அதை லஞ்சம் என்று கோல்பேர் மேடையில் சொல்லி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. இது முழுக்கப் பணக் கணக்கு, வேறெதுவும் இல்லை என்றது நிறுவனம். 2014இல் 'நிறுத்து' என்று ஒரு பெண் எழுதியபோது கருத்துச் சுதந்திரமே போச்சு என்றார்கள். அவரால் ஒரு விளம்பர இடைவேளையைக்கூட நிறுத்த முடியவில்லை. நிறுத்தக் கூடியவர்கள் நிறுத்தியபோது கணக்குப் புத்தகத்தைக் காட்டினார்கள். மறுநாள் டிரம்ப் தன் சந்தோஷத்தை எழுதினார். ஜூலை 20ஆம் தேதி மறுபடி எழுதினார்: வாஷிங்டன் அணிக்குப் பழைய பெயரையே திரும்ப வைக்க வேண்டுமாம், பூர்வகுடிகள் அதைத்தான் விரும்புகிறார்களாம்.